ஊருக்கு ஓர் அறமா?

"கடவுள் இல்லை என்கிறாய், இருக்கட்டும். வேதமும் புராணமும் மனிதன் எழுதியவை என்கிறாய், அதுவும் இருக்கட்டும். பிறகு, நல்லது எது, தீயது எது என்று தீர்ப்புக் கூற உன்னிடம் என்ன அளவுகோல் இருக்கிறது?"

பகுத்தறிவு பேசப் புகும் இளைஞன் எவனும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் தப்புவதில்லை. படிப்பகத்துத் திண்ணையிலே கேட்கிறார்கள். இல்லத்திலே தந்தையார் கேட்கிறார். எதிர்மேடையிலே ஏளனச் சிரிப்போடு கேட்கிறார்கள். நம் தோழர்கள் இதற்கு இருவகையாக விடை கூறக் கேட்டிருக்கிறேன்.

ஒரு சாரார் சொல்வர்: "அறம் என்பது ஊருக்கு ஊர் மாறும், காலத்துக்குக் காலம் மாறும். என்றும் நின்று நிலவும் அறம் என்பது புரோகிதன் கட்டிய கதை." கேட்பதற்கு முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால், எதிரே இருக்கும் பழைமைவாதி இதைக் கேட்டு மனம் வருந்துகிறாரா? இல்லை; மகிழ்கிறார்! "நன்று சொன்னாய், தம்பி! ஊருக்கு ஊர் மாறுவதுதான் அறம் என்றால், எங்கள் ஊரின் அறம் சாதி. அதைக் குறை கூற நீ யார்?" என்கிறார். சீர்திருத்தக்காரன் தன் கைவாளைத் தானே பிடுங்கி எதிரியிடம் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

மற்றொரு சாரார் சொல்வர்: "கடவுள் வகுத்த அறம் இல்லாவிட்டால் என்ன? இயற்கை வகுத்த அறம் உண்டு." இதற்கும் அவரிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது. "இயற்கையைப் பார்த்தாயா? ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன? உயர்வு தாழ்வு இயற்கையிலேயே உண்டு" என்று கையை விரித்துக் காட்டுகிறார்.

வழக்கம் என்று சொன்னாலும் அகப்பட்டுக் கொள்கிறோம். இயற்கை என்று சொன்னாலும் அகப்பட்டுக் கொள்கிறோம். மூன்றாவது வழி உண்டா? உண்டு என்பதே என் துணிபு. அதைக் காட்ட, இந்தக் கேள்வி திண்ணைப் பேச்சாக இல்லாமல் இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வும் சாவுமாக இருந்த ஒரு காலத்துக்குத் தோழர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

மன்றம் கூடிற்று

1550ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள். ஸ்பெயின் நாட்டு வல்லாடோலிட் நகரம். அங்கே சான் கிரிகோரியோ என்னும் துறவியர் கல்லூரி. மன்னன் ஐந்தாம் சார்லஸின் ஆணைப்படி இறைநூற் புலவர்களும் சட்ட வல்லுநர்களும் மன்னனின் ஆலோசகர்களுமாகப் பதினால்வர் கூடினர். அதே ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மன்னன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தான்: அமெரிக்காவிலே நடந்துவரும் படையெடுப்புகள் அறத்துக்கு ஒத்தவைதாமா என்று இந்த மன்றம் முடிவு கூறும்வரை, புதிய படையெடுப்புகளை நிறுத்துக!

வெற்றிமேல் வெற்றி குவித்த ஒரு வல்லரசு, "நாம் செய்வது சரியா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு வாளை உறையிலிட்டது உலக வரலாற்றிலே அரிய காட்சி. அந்தக் கேள்வி மன்னனின் நெஞ்சிலே தானாக முளைத்ததன்று. நாற்பது ஆண்டுகளாகச் சில மனிதர்கள் விடாமல் எழுப்பிய கூக்குரல் அது.

1492இல் கொலம்பஸ் கரையேறினார். இந்தியாவுக்கு வந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொண்ட பிழையால் அங்கு வாழ்ந்த தொல்குடியினருக்கு 'இந்தியர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரைத் தவறாக வைத்தவர்கள், வாழ்வையும் பறித்தார்கள். 'என்கொமியெண்டா' என்றொரு முறை. இந்த ஊரும் இதன் மக்களும் உன் பொறுப்பு என்று ஒரு ஸ்பானியனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவன் அவர்களுக்குச் சமயம் கற்பிக்க வேண்டும். அவர்கள் அவனுக்கு உழைத்துக் கொட்ட வேண்டும். சமயம் கற்றார்களோ இல்லையோ, தங்கச் சுரங்கத்திலே செத்தார்கள். மிஞ்சியவர்களைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாரிக்கொண்டன.

கொள்ளைக்கும் ஒரு சடங்கு வேண்டுமல்லவா? 1513இல் சட்ட அறிஞர்கள் ஓர் அறிக்கை வரைந்து கொடுத்தனர். உலகம் படைக்கப்பட்டது முதல், போப் அந்த நிலங்களை ஸ்பெயின் மன்னருக்கு வழங்கியது வரை அதிலே இருந்தது. பணியாவிட்டால் போர், போரின் கேடுகளுக்கெல்லாம் பணியாத நீங்களே பொறுப்பு என்று முடிந்தது. ஓர் எழுத்தும் அறியாத மக்களின் முன்னே, அவர்களுக்குப் புரியாத மொழியிலே, அதைப் படித்துவிட்டுப் பாய்ந்தார்கள். புரியாத மொழியிலே மந்திரம் ஓதினால் காரியம் முறையாகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கும் புதிதன்று!

ஒரு கேள்வி

1511 டிசம்பர் 21. ஹிஸ்பானியோலாத் தீவின் சாந்தோ டொமிங்கோ நகரத் தேவாலயம். அந்தோனியோ மொண்டெசினோஸ் என்னும் துறவி, குடியேறிகள் நிறைந்த சபையிலே எழுந்து, இவர்களும் மனிதர்தாமே, எந்த உரிமையில் இவர்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று கேட்டார். சபை கொதித்தது. அடுத்த ஞாயிறன்று சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும் என்று மிரட்டினர். அடுத்த ஞாயிறும் வந்தது. அவர் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்.

அந்தத் தீவிலே குடியேறி, தாமும் தொல்குடியினரின் உழைப்பில் வாழ்ந்துகொண்டிருந்தவர் பார்த்தலோமே லாஸ் காசாஸ். 1502இல் செல்வம் தேடி வந்தவர். பின்னர் குருவானார். குருவான பிறகும் அடிமை உழைப்பை விட்டாரில்லை. கியூபாவைக் கைப்பற்றிய படையோடு குருவாகச் சென்றார். அங்கே கவோனாவோ என்னும் ஊரிலே, உணவு கொண்டு வந்து கொடுத்த மக்களையே படைவீரர்கள் வெட்டிச் சாய்த்ததைக் கண்ணாரக் கண்டார். 1514இல் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த மக்களை விடுவித்தார். அதன்பின் 1566இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடல் கடந்தும் மீண்டும், மன்னர்களிடம் முறையிட்டும் நூல் எழுதியும் அவர் ஓயவில்லை. 1542இல் பிறந்த புதிய சட்டங்கள் தொல்குடியினரை அடிமைப்படுத்துவதைத் தடுத்தன. பெருநிலக்காரர் கலகம் செய்தனர். பெருவிலே சட்டத்தை நிறைவேற்ற வந்த அரசப் பிரதிநிதியையே 1546இல் கொன்றனர். மன்னனும் சட்டத்தின் உயிரான பகுதியைத் திரும்பப் பெற்றான்.

இந்த நிலையிலேதான் வல்லாடோலிட் மன்றம் கூடிற்று. லாஸ் காசாசுக்கு எதிராக வாதிட எழுந்தவர் ஹுவான் ஹினேஸ் செபுல்வேடா. சாதாரண ஆள் அல்லர். இத்தாலியின் பொலோஞாவிலே பயின்றவர்; மன்னனின் வரலாற்றாசிரியர்; அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலை இலத்தீனிலே பெயர்த்த பெரும்புலவர். அமெரிக்க மண்ணிலே காலடி வைத்தவர் அல்லர். வைக்கத் தேவையும் அவருக்குத் தோன்றவில்லை.

இயற்கை என்னும் கேடயம்

செபுல்வேடா மூன்று மணி நேரம் பேசினார். அவருடைய வாதம் இயற்கை அறத்தின் பெயரால் எழுந்தது. இதைத் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

ஆளப் பிறந்தோர் சிலர், அடிமையாகப் பிறந்தோர் சிலர் என்று அரிஸ்டாட்டில் கூறியிருக்கிறார். தொல்குடியினர் இரண்டாம் வகையினர். குழந்தையினும் பெரியவர் உயர்வு; பெண்ணினும் ஆண் உயர்வு; அதுபோல அவர்களினும் ஸ்பானியர் உயர்வு. அவர்கள் சிலைகளை வணங்குகிறார்கள், மனிதரைப் பலியிடுகிறார்கள், இவை இயற்கை அறத்துக்கு மாறானவை. பலியாகப் போகும் அப்பாவிகளைக் காப்பாற்றவும், நற்செய்தி பரவ வழி வகுக்கவும், போர் செய்வது குற்றமன்று, கடமை!

எவ்வளவு நேர்த்தியான கோட்டை! ஆனால் அடித்தளத்தைத் தட்டிப் பாருங்கள். இயற்கை ஆண்டானையும் அடிமையையும் வெவ்வேறு உடலமைப்போடு படைக்க விரும்புகிறது என்று எழுதிய அரிஸ்டாட்டிலே, அந்த விருப்பம் பலமுறை நிறைவேறுவதில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அடிமை முறை இயற்கைக்கு மாறானது, வலிமையால் ஏற்பட்டது என்று கருதியோர் அவர் காலத்துக் கிரேக்கத்திலேயே இருந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். செபுல்வேடா இயற்கையைத் திறந்து படிக்கவில்லை. வெற்றி பெற்றவனின் கணக்கேட்டைத் திறந்து, அதன் அட்டையிலே 'இயற்கை' என்று எழுதினார். ஐந்து விரலைக் காட்டும் நம்மூர்ப் பெரியவரும் அதைத்தான் செய்கிறார். விரல்கள் நீளத்தில் வேறுபடுகின்றன, மெய். ஆனால் எந்த விரலும் மற்ற விரலைச் சேரிக்கு அனுப்பவில்லையே!

ஐந்து நாள் மறுப்பு

லாஸ் காசாஸ் எழுந்தார். அறுபதைக் கடந்த முதியவர். தாம் எழுதி வந்த நெடிய மறுப்பை ஐந்து நாட்கள் படித்தார்.

காட்டுமிராண்டி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தொடங்கினார். கொடுமை செய்பவன் காட்டுமிராண்டி என்றால், ஸ்பானியப் படையினரை என்னவென்பது? பிறர் மொழி தெரியாதவன் காட்டுமிராண்டி என்றால், நாம் அவர்களுக்குக் காட்டுமிராண்டிகள்! அறிவும் ஆட்சியும் இல்லாதவன் என்றால், நகரங்களும் சட்டங்களும் கைத்தொழிலும் கண்ட இம்மக்களை அப்பெயரால் அழைக்க முடியாது. நம் முன்னோரையும் உரோமர் இப்படித்தான் அழைத்தனர். உரோமர் நம்மை அடிமைகொண்டது நீதியா? மனித இனம் முழுவதும் ஒன்றே, எல்லோரும் அறிவு பெற்றவர், கற்பித்தால் கற்பவர்.

நரபலிக்கு என்ன விடை? அங்கேதான் அவர் வாதம் மன்றத்தைத் திடுக்கிட வைக்கத்தக்கதாயிற்று. கடவுள் உண்டென நம்பும் மனிதன், தன்னிடமுள்ளவற்றுள் மிக உயர்ந்ததை அவருக்குப் படைக்க நினைப்பது மனித அறிவின் போக்கிலேயே எழக்கூடியது. உயிரினும் உயர்ந்தது எது? அவர்களுடைய முன்னோரும் குருமாரும் சட்டமும் அதையே கற்பித்திருக்க, அவர்கள் தவறு செய்கிறோம் என்றே அறியாமல் தவறு செய்கிறார்கள். தவறு தவறுதான். ஆனால் அதை நாவினால் திருத்த வேண்டும்; வாளினால் அன்று. பலியிடப்படும் சிலரைக் காப்பாற்ற ஊரையே கொளுத்துவது எந்தக் கணக்கு?

இதைப் படிக்கும் தோழர் சிலர், "அப்படியானால் அவரவர் வழக்கம் அவரவர்க்கு அறம் என்பதுதானே லாஸ் காசாசின் கட்சி? பொது அறம் பேசியவர் செபுல்வேடாதானே?" என்று எண்ணக்கூடும். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் நிலைமை தலைகீழாகும். ஒரு வழக்கம் எப்படிப் பிறந்தது என்று புரிந்துகொள்வது வேறு. அதைச் சரி என்று ஒப்புவது வேறு. லாஸ் காசாஸ் முதலதைச் செய்தார், இரண்டாவதைச் செய்யவில்லை. மாறாக, செபுல்வேடா உரத்துப் பேசிய பொது அறம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொதுவாக இருந்தது. பலிபீடத்திலே சிந்திய குருதியை எண்ணினார். சுரங்கத்திலே சிந்திய குருதியை எண்ணவில்லை. எதிரியின் குற்றத்தை அளக்க ஒரு கோல், தன் குற்றத்தை அளக்க வேறொரு கோல் என்று வைத்திருப்பவன் பொது அறம் பேசுகிறவன் அல்லன். மனு தருமமும் அப்படித்தான்: ஒரே வசைச்சொல்லுக்குப் பிராமணனுக்கு ஒரு தண்டம், சூத்திரனுக்கு வேறு தண்டம்.

இன்னொன்றையும் காண்க. இருவரும் ஒரே கடவுளை வணங்கியவர்கள். ஒரே மறைநூலை ஓதியவர்கள். ஒரே அரிஸ்டாட்டிலைக் கற்றவர்கள். கடவுள் இல்லாவிட்டால் அறத்துக்கு அளவுகோல் இல்லை என்போர் விடை கூறட்டும்: கடவுள் இருந்தும் அந்த மன்றத்திலே அளவுகோல் கிடைத்ததா? ஒருவரை வேட்டைக்காரன் பக்கத்திலும் மற்றவரை வேட்டையாடப்பட்டவன் பக்கத்திலும் நிறுத்தியது எது? ஒருவர் கவோனாவோவிலே கண்டார், மற்றவர் காணவில்லை. அவ்வளவுதான்!

தீர்ப்பு என்ன?

1551இல் மன்றம் மீண்டும் கூடிற்று. தீர்ப்பு? வெளிவரவே இல்லை. நடுவர்கள் பிரிந்து சென்றனர். வென்றது தாமே என்று இருவரும் சொல்லிக்கொண்டனர். செபுல்வேடாவின் நூலை அச்சிட அரசு இசைவளிக்கவில்லை. படையெடுப்புகளையும் நெடுநாள் நிறுத்தி வைக்கவில்லை. 1573இல் புதிய சட்டமொன்று வந்தது. இனி 'படையெடுப்பு' என்று சொல்லக் கூடாது, 'அமைதிப்படுத்தல்' என்றே சொல்ல வேண்டும் என்றது. பெயர் மாறிற்று, பிடி தளரவில்லை.

வாதிட்ட இருவரும் ஸ்பானியர். கேட்ட பதினால்வரும் ஸ்பானியர். யாருடைய வாழ்வு வழக்காடப்பட்டதோ அவர்களில் ஒருவருக்கேனும் அந்த மன்றத்திலே இருக்கை இல்லை. கேட்டிருந்தால் அவர்கள் மறுமொழி சொல்லியிருப்பார்களா? அதற்கும் வரலாற்றிலே சான்று உண்டு. 1562இல் பிரெஞ்சு நாட்டு ருவான் நகருக்குப் பிரேசில் தொல்குடியினர் மூவர் வந்தனர். உங்களுக்கு இங்கே வியப்பாகத் தோன்றியது எது என்று அவர்களிடம் கேட்டார்கள். மாந்தேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவர்கள் விடையைக் குறித்து வைத்திருக்கிறார். வாட்டசாட்டமான வீரர்கள் ஒரு சிறுவனை அரசனென்று பணிந்து நிற்பது வியப்பாக இருக்கிறது என்றனர். ஒரு பாதி மக்கள் எல்லாம் நிறைந்து வாழ, மறுபாதியினர் அவர்கள் வாயிலிலே பசியால் மெலிந்து இரந்து நிற்பதும், அப்படி நின்றும் அந்த மாளிகைகளுக்குத் தீ வைக்காமல் இருப்பதும் அதனினும் வியப்பு என்றனர்!

ஒரு நாட்டானின் அறம் மற்ற நாட்டானுக்குப் புரியாது என்போர் இதற்கு என்ன சொல்வர்? கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள், பிரெஞ்சு மண்ணின் அநீதியை ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள். கேட்ட பிரெஞ்சுக்காரருக்கும் அது உறைத்தது. வழக்கங்கள் வேறாக இருக்கலாம். பசித்தவன் வயிறு எல்லா நாட்டிலும் ஒரே மொழிதான் பேசுகிறது.

காவலரும் தவறினார்

லாஸ் காசாசைத் தெய்வமாக்கிக் கோயில் கட்ட நான் இதை எழுதவில்லை. அவரும் ஒரு பெருந்தவறு செய்தார். தொல்குடியினர் சுரங்கத்திலே மடிவதைக் கண்டு பொறுக்காமல், அவர்களுக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இல் தாம் அளித்த முறையீட்டிலே அவரே எழுதினார். 1518இல் நாலாயிரம் ஆப்பிரிக்கரைக் கொண்டுசெல்ல மன்னன் உரிமம் வழங்கினான். அடிமை வாணிகம் இவரால் தொடங்கவில்லை. இவர் பேசாதிருந்தாலும் நின்றிருக்காது. ஆயினும், ஒருவர் கண்ணீரைத் துடைக்க மற்றொருவரைச் சங்கிலியிலே பூட்டச் சொன்னது அவர் கை.

பின்னாளிலே, போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கரைப் பிடித்த முறையை அறிந்தார். தொல்குடியினருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அது சிறிதும் குறைந்ததன்று என்று உணர்ந்தார். தம் வரலாற்று நூலிலே தம்மையே குற்றவாளியாக நிறுத்தி வருந்தி எழுதினார். அந்த நூல் 1875 வரை அச்சேறவில்லை என்பது வேறு செய்தி.

என் வாதத்தின் அச்சாணி இந்த வருத்தந்தான். அவர் காலத்து ஸ்பெயினிலே ஆப்பிரிக்க அடிமை வழக்கமாக ஏற்கப்பட்டிருந்தது. வழக்கமே அறம் என்றால் அவர் செய்தது தவறே அன்று, வருந்தவும் இடமில்லை. பழைய லாஸ் காசாசுக்கு ஓர் அறம், புதிய லாஸ் காசாசுக்கு வேறோர் அறம் என்று கூறிவிட்டுப் போகலாம். ஆனால் அவர், "என் கருத்து மாறிற்று" என்று எழுதவில்லை. தாம் செய்தது தவறு என்று எழுதினார். தவறு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், வழக்கத்துக்கு மேலாக ஓர் அளவு இருந்தே தீர வேண்டும்.

அந்த அளவு வானத்திலிருந்து இறங்கியதன்று. அம்மை நோயை நினைத்துப் பாருங்கள். ஓர் ஊரிலே அதை மாரியின் சீற்றம் என்றனர். வேறோர் ஊரிலே கடவுளின் தண்டனை என்றனர். ஊருக்கு ஒரு கதை. ஊருக்கு ஒரு சடங்கு. அதனால் நோய்க்கு உண்மையான காரணமே இல்லை என்று ஆகிவிட்டதா? ஆராய்ந்தார்கள்; தவறினார்கள்; திருத்தினார்கள். தடுப்பு ஊசி எல்லா ஊரிலும் பலித்தது. 1980இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கருத்துகள் பலவாக இருப்பது, உண்மை இல்லை என்பதற்குச் சான்றாகாது. இன்னும் ஆராய வேண்டும் என்பதற்கே சான்றாகும். மனிதன் எதனால் துன்புறுகிறான், எதனால் இழிவுறுகிறான், எதனால் தழைக்கிறான் என்பனவும் ஆராய்ந்து அறியத்தக்க உண்மைகளே.

வழக்கம் என்னும் கேடயம்

இயற்கையைக் கேடயமாக்கியதைக் கண்டோம். வழக்கத்தைக் கேடயமாக்கியதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அதே கத்தோலிக்கத் திருச்சபை, அடுத்த நூற்றாண்டிலே, நம் மதுரையிலே அந்தக் கேள்வியைச் சந்தித்தது.

1606இல் மதுரைக்கு வந்தவர் இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தமிழும் வடமொழியும் கற்றார், காவி உடுத்தார், புலால் துறந்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டை மறப்பதற்கில்லை. பிற நாட்டாரின் பண்பாட்டை அழிக்காமல் சமயம் பரப்பலாம் என்று எண்ணினார். படைவீரனின் வாளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேலான எண்ணம்! ஆனால் அதன் மறுபக்கம் ஒன்றுண்டு. பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே. மதம் மாறியோர் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைந்தார். குலப் பெருமையால் எளியோரை இகழாதீர் என்று அறிவுரையும் சேர்த்தார். அறிவுரை ஏட்டிலே நின்றது. வழக்கம் நாட்டிலே நின்றது. உயர் சாதிக்குத் தனிக் குரு, தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குரு என்று பணியே பிரிந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்துத் தேவாலயத்திலே சாதிக்கொரு பகுதியாகப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது.

பிறர் வழக்கத்தை மதிக்கிறேன் என்றவர், எவருடைய வழக்கத்தை மதித்தார்? சாதி யாருடைய வழக்கம்? மேலே இருந்தவனின் வழக்கம்! கீழே இருந்தவனைக் கேட்டு அதை யாரும் வகுக்கவில்லை. 'இந்த நாட்டின் பண்பாடு' என்று ஒருமையிலே பேசும்போதெல்லாம், அந்த நாட்டுக்குள்ளே அடிபட்டவனின் குரல் அமுங்கிப் போகிறது. ஊருக்கு ஓர் அறம் என்பதிலே இருக்கும் ஓட்டை இதுவே: ஊர் என்றால் யார் என்று அது கேட்பதில்லை.

பாரசீக மன்னன் தாரியஸ் பற்றி எரோதத்தஸ் எழுதிய கதையைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவர். இறந்த தந்தையை எரிக்கும் கிரேக்கரையும், இறந்த தந்தையின் உடலை உண்ணும் ஒரு கூட்டத்தாரையும் அழைத்து, மற்றவர் வழக்கத்தை ஏற்க என்ன விலை என்று கேட்டான். இரு சாராரும் காதைப் பொத்திக்கொண்டனர். மெய்தான். ஆனால் அங்கே இரு சாராரும் தந்தையைப் போற்றவே விரும்பினர். போற்றும் முறைதான் வேறு. அந்தச் சடங்கினால் எந்த உயிருள்ள மனிதனும் நசுக்கப்படவில்லை. அத்தகைய வழக்கங்கள் ஊருக்கு ஊர் வேறுபடட்டும். உடையும் உணவும் மணமுறையும் மலர்ச்சோலை போல் பலவண்ணமாக இருக்கட்டும். ஒருவன் முதுகின்மேல் மற்றொருவன் ஏறி நிற்கும் இடத்திலே மட்டும், வழக்கம் என்ற சொல் செல்லாது.

அளவுகோல்

ஆகவே, எங்களிடம் அளவுகோல் உண்டு. ஒரு விதியை எவர் வகுத்தார் என்று கேட்டு நிறுத்திவிடாமல், அதன் சுமையைச் சுமப்பவன் யார், அவனைக் கேட்டீர்களா, நீங்களும் அவனும் இடம் மாறிக்கொண்டால் அந்த விதியை ஏற்பீர்களா என்று கேட்பதே அது. அதற்கு மறுமொழி கூற முடிந்த விதி நிற்கட்டும். முடியாத விதி, வேதத்திலே இருந்தாலும், இயற்கை என்று பெயர் சூட்டினாலும், ஆயிரம் ஆண்டு வழக்கமாயினும், வீழட்டும்!

"சுமப்பவனே என் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு இருக்கிறானே?" என்பார்கள். மறுக்க வழியில்லாதவன் மௌனம் இசைவு ஆகாது. கல்வியும் கஞ்சியும் அவன் கைக்கு வந்த பின், அஞ்சாமல் பேசும் நிலை வந்த பின், அவனைக் கேளுங்கள். அவன் என்ன சொல்வான்?

அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. மொண்டெசினோஸ் கேள்வி எழுப்பிய அதே ஹிஸ்பானியோலாத் தீவின் மேற்குப் பகுதி பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களிலே இலட்சக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகள். 1789இல் பாரிசிலே, மனிதர் யாவரும் உரிமையிலே சமமாகப் பிறக்கின்றனர் என்று பறை சாற்றினர். அந்தத் தீவின் அடிமைகளுக்கு அது பொருந்தும் என்று அவர்கள் எண்ணவில்லை. அடிமைகள் எண்ணினார்கள்! 1791 ஆகஸ்டில் எழுந்தார்கள். 1794இல் பிரெஞ்சுப் பேரவை அடிமை முறையை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவர முயன்றான், தலைவர் தூசேன் லூவர்த்தூர் சிறைப்பட்டுப் பிரான்சிலே மாண்டார், படை ஓயவில்லை. 1804 சனவரி முதல் நாள் எயிட்டி விடுதலை நாடாயிற்று.

இவர்களும் மனிதர்தாமே என்று 1511இல் ஒரு துறவி கேட்டார். வல்லாடோலிட்டிலே பதினால்வர் கூடியும் விடை கூறாமல் கலைந்தனர். யாரைப் பற்றிக் கேட்கப்பட்டதோ அவர்களைப் போலவே விலங்கிடப்பட்ட மக்கள், அதே தீவிலே, தாமே எழுந்து விடை எழுதினார்கள்.

எனவே தோழர்களே, திண்ணையிலே மீண்டும் அந்தக் கேள்வி வரும்போது, "அறம் ஊருக்கு ஊர் மாறும்" என்று சொல்லி நழுவாதீர்கள். அறம் மாறவில்லை, அதை அறியும் நம் அறிவு வளர்கிறது. நாளை நம் தவறு ஒன்றை, நாம் இதுவரை கேளாத ஒருவர் எடுத்துக் காட்டக்கூடும். நம் இல்லத்து அடுக்களையிலிருந்தே அந்தக் குரல் எழக்கூடும். அப்போது வழக்கம் என்றும் இயற்கை என்றும் சொல்லி நாமும் கேடயம் தூக்கினால், செபுல்வேடாவின் பக்கத்திலே நமக்கும் ஓர் இருக்கை காத்திருக்கிறது. லாஸ் காசாசைப் போலத் தவறை ஒப்பித் திருத்திக்கொண்டால், பகுத்தறிவு என்ற சொல்லுக்கு நாம் தகுதியுடையவராவோம்.